வலது கை பிடிக்காது. இரண்டு பிரேக்கும் கியரும் இடது கைக்கே வர வழி இருக்கா?

அமராவதிக்கரை (கரூர்)

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கோங்க.

ஸ்கூட்டர்ல இருந்து விழுந்ததுல என் வலது தோள்ல நரம்புப் பின்னல் அறுந்துபோச்சு. பிரேக்கியல் பிளெக்ஸஸ்னு சொல்வாங்களே, அது. ஆபரேஷன் ஆச்சு. இப்ப முழங்கை ஓரளவு மடங்குது, கையைத் தூக்கி ஹேண்டில்பார் மேல வைக்கலாம். அவ்வளவுதான். விரல் ஒண்ணும் பிடிக்காது, முழங்கைக்குக் கீழ தொட்டாலும் தெரியாது. இடது கை நல்லா இருக்கு.

பள்ளிக்கூடத்துல லேப் அசிஸ்டெண்டா இருக்கேன். வீட்டுல இருந்து நாலு கிலோமீட்டர். ரெண்டு பஸ் மாறிப் போறதுக்குள்ள பிரேயரே முடிஞ்சிடுது. தம்பியோட கியர் சைக்கிள் சும்மா கிடக்கு: 26 இஞ்ச் சக்கரம், முன்னால 3 பல்சக்கரம், பின்னால 7, வி-பிரேக் (சக்கரத்தோட ரிம்மை ரெண்டு பக்கமும் ரப்பர் கட்டை கவ்வற ரகம்). பிரேக் லிவரும் கியர் ஷிஃப்டரும் ஒரே பீஸா சேர்ந்து வர்ற மாடல். நம்ம ஊர் வழக்கப்படி வலது லிவர் முன் பிரேக், இடது லிவர் பின் பிரேக். பின் கியரும் வலதுலதான். ஆக எனக்கு மிஞ்சறது பின் பிரேக்கும், நான் ஜென்மத்துல தொட்டிருக்காத முன் கியரும்.

ஒரு கடையில கேட்டேன். "முன் பிரேக்கைக் கழட்டிப் போட்டுடலாம், கியரை ஒரே இடத்துல கட்டிடலாம், நீங்க மெதுவாப் போங்க"ன்னாங்க. வழியில ஒரு பாலம் ஏறி இறங்கணும். இறக்கத்துல பின் பிரேக்கை மட்டும் நம்பிப் போக எனக்கு மனசில்லை.

ரெண்டு பிரேக்கையும் ஒரே லிவர்ல கட்ட முடியுமா? கட்டினா முன் சக்கரம் பூட்டிக்கிட்டு தூக்கிப் போட்டுடாதா? கியர் ஷிஃப்டரை அப்படியே இடதுபக்கம் மாத்தலாமா? யாராவது செஞ்சிருந்தா சொல்லுங்க. "ஒத்தைக் கையில சைக்கிளா?"ன்னு வீட்டுல சிரிக்கிறாங்க.

---

டவுன்பஸ் (திருச்சி)

சிரிக்கிறவங்ககிட்ட சாரா ஸ்டோரி பேரைச் சொல்லுங்க. இடது கை முழுசா உருவாகாமலே பிறந்தவங்க. முதல்ல நீச்சல், அப்புறம் சைக்கிள்னு பாராலிம்பிக்ல 19 தங்கம். அதுல 14 சைக்கிள்ல வாங்கினது. கடைசி ரெண்டு 2024 பாரிஸ்ல.

முன் பிரேக்கை மட்டும் கழட்டவே கழட்டாதீங்க. காய்ஞ்ச ரோட்டுல பின் பிரேக் மட்டும்னா வண்டி நிக்கிற தூரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மத்ததைப் பட்டறைக்காரன் அண்ணன் வந்து சொல்வார், இது அவர் ஏரியா.

---

பட்டறைக்காரன் (கோவை, கணபதி)

வந்துட்டனுங்க.

அம்மிணி, எனக்கு இடது கை மணிக்கட்டோட இல்லீங்க. பிரஸ் மெஷின்ல போனது, பழைய கதை. வலது கை ஒண்ணை வெச்சுக்கிட்டு பட்டறைக்கு தினமும் சைக்கிள்லதான் போறேன். உங்களுக்கு நேர் எதிர்ப்பக்கம், ஆனா கணக்கு ஒண்ணுதான்.

ஒரே கையில ரெண்டு பிரேக் வர மூணு வழி இருக்குது.

முதல் வழி, ரெட்டைக் கேபிள் லிவர். ஒரே லிவருக்குள்ள ரெண்டு கேபிள் தலை உக்கார ரெண்டு குழி, வெளிய வர ரெண்டு வழி. டெக்ட்ரோ பண்றான், அமெரிக்காவுல பிராப்ளம் சால்வர்ஸ் பண்றான். மூணு சக்கர சைக்கிளுக்குன்னே நிறைய வருது.

ரெண்டாவது, உங்க பழைய லிவரையே வெச்சுக்கிட்டு, அதுல இருந்து வர்ற ஒரு கேபிளை நடுவுல ஒரு தகட்டுல கட்டி, தகட்டோட ரெண்டு முனையில இருந்து ரெண்டு கேபிள் எடுக்கறது. இது நம்ம ஏர் மாட்டு நுகத்தடியேதான். ஒரு பக்கம் முந்தினா தகடு சாஞ்சு, ரெண்டு பக்கமும் இழுப்பு சமமாயிக்கும். ஒரு பக்கம் கட்டை அதிகமாத் தேஞ்சாலும் அதுவே சரிக்கட்டிக்கும். கேக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ஒரு கேபிள் அறுந்துச்சுன்னு வைங்க, தகடு அந்தப்பக்கமா முழுசாச் சாஞ்சுரும், லிவரோட இழுப்பெல்லாம் அந்தச் சாய்வுலயே தீந்து போயிரும், இன்னொரு பிரேக்கும் வேலை செய்யாது. பாலத்து இறக்கத்துல ரெண்டும் ஒண்ணாப் போகும். தகட்டை ஒரு கூட்டுக்குள்ள வெச்சு, ஓரளவுக்கு மேல சாயாம முட்டு குடுத்தாத்தான் தப்பிக்கலாம். லேத்துல உக்காந்து பண்ணலாம், நானே பண்ணுவேன். ஆனா உங்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

மூணாவது, ஒரே பக்கத்துல ரெண்டு தனித்தனி லிவர். ஹைட்ராலிக் டிஸ்க்ல ஹோப்னு இங்கிலாந்து கம்பெனி "டெக் டுவோ"ன்னு ஒண்ணு பண்றான். ஒரே கிளாம்புல ரெண்டு லிவர், ஒண்ணு மேல ஒண்ணு. முன்னும் பின்னும் வேற வேற அளவுக்கு அழுத்தலாம். அருமையான சாமான், விலையும் அப்படித்தான் இருக்கும். உங்க வண்டிக்கு வேண்டாம்.

நான் சொல்றது முதல் வழி. ரெட்டைக் கேபிள் லிவர்ல ரெண்டு கேபிளும் தனித்தனி. ஒண்ணு அறுந்தா இன்னொண்ணு அது பாட்டுக்கு இழுக்கும். இதுல சமம் தானா வராது, நாமதான் திருகி வைக்கோணும். திருகறது அஞ்சு நிமிச வேலை. அறுந்த கேபிளை ஓடற வண்டியில யாரு மாத்தறது?

வாங்கறப்ப ஒண்ணு பாருங்க. வி-பிரேக்குக்கு கேபிள் நிறைய இழுக்கோணும், பழைய காலிப்பர் பிரேக்கைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு. மூணு சக்கர வண்டிக்கு வர்ற லிவர்ல பாதி, கம்மியா இழுக்கற ரகம். அதை மாட்டினா லிவர் கைப்பிடியில முட்டும், கட்டை ரிம்மைத் தொட்டிருக்காது. கடையில உங்க பழைய லிவரைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க: லிவர் திரும்பற ஆணிக்கும் கேபிள் தலை உக்கார்ற குழிக்கும் உள்ள தூரம் ரெண்டுலயும் ஒரே அளவா இருக்கோணும்.

இப்ப கேபிள். ஒரு கையோட பலம் ரெண்டாப் பிரியுது, அதனால உரசல்ல வீணாக்க நம்மகிட்ட ஒண்ணும் மிச்சமில்லை. இன்னர் (உள்ள ஓடற கம்பி), அவுட்டர் (அதுக்கு மேல வர்ற உறை) எல்லாமே புதுசு போடுங்க. பிரேக்குக்கு 5 மி.மீ. அவுட்டர், பிரேக் அவுட்டர்தானான்னு கேட்டு வாங்குங்க. கியர் அவுட்டர்ல கம்பி நீளவாக்குல ஓடும். பிரேக் இழுப்பை அது தாங்காது, பொளந்துக்கும். வெட்டற இடத்துல கம்பி உள்பக்கமா மடங்கி நிக்கும், அரத்துல தேச்சு நேராக்கி, உள்ள இருக்கற பிளாஸ்டிக் குழலோட வாயை ஊசியால திறந்து விட்டுட்டு அப்புறம் தொப்பி போடுங்க. பாதிக் கடையில இதைச் செய்ய மாட்டாங்க, நின்னு செய்ய வைங்க. ஹேண்டில்பாரை ரெண்டு பக்கமும் முழுசாத் திருப்பிப் பாருங்க. எங்கயும் கேபிள் விறைக்கக் கூடாது.

தூக்கிப் போடும்னு பயந்தீங்களே, அது திருகி வைக்கறதுலதான் இருக்குது. பின் கட்டை முதல்ல தொடோணும். லிவரை மெல்ல அழுத்துங்க: பின் கட்டை ரிம்மைத் தொடற நேரத்துல முன் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவுல ஒரு போஸ்ட்கார்டு நுழையற சந்து இருக்கோணும். பின் கேபிள் நீளம், அவுட்டரும் அதுக்கேத்தாப்ல அமுங்கும், அதனால இன்னும் அழுத்தறப்ப முன்னது தானாப் பிடிச்சுக்கும். முழுசா அழுத்தினாலும் லிவருக்கும் கைப்பிடிக்கும் நடுவுல ஒரு விரல் இடம் மிச்சம் இருக்கோணும். முன் பிரேக்குக்கு பவர் மாடுலேட்டர்னு ஒரு சின்ன ஸ்பிரிங் குழல் வரும், ஷிமானோ பண்றான். அது இருந்தா திடீர்னு கவ்வாது. கிடைச்சாப் போடுங்க.

எல்லாம் முடிஞ்ச பின்னாடி இதைக் கட்டாயம் பண்ணுங்க. முன் பிரேக்குல வளைஞ்ச குழல் இருக்குதில்லீங்களா, அதைக் கொக்கியில இருந்து கழட்டி விடுங்க. கேபிள் அறுந்த மாதிரியே ஆயிரும். இப்ப லிவரை அழுத்தி வண்டியைத் தள்ளுங்க, பின் பிரேக் பிடிக்கோணும். முன்னதைத் திரும்ப மாட்டிட்டு பின்னதைக் கழட்டி அதே மாதிரி பாருங்க. ரெண்டும் சரியா இருந்தாத்தான் ரோட்டுக்கு எடுக்கோணும்.

இன்னொண்ணும் இருக்குது, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. பிரேக் பிடிச்சா உடம்பு முன்னால போகும். ரெண்டு கை இருக்கறவன் ரெண்டு பக்கமும் ஊணிக்குவான். நீங்க இடது கையை மட்டும் ஊணினா பாரோட இடது முனை முன்னால போயி, வண்டி வலதுபக்கம் திரும்பும். நம்ம ஊர்ல வலதுபக்கம் திரும்பினா லாரிதான். அதனால ஹேண்டில்பாரைத் தாங்கற ஸ்டெம்மை உயர்த்தி நிமிர்ந்து உக்கார்ற மாதிரி வைங்க, கையில பாரம் குறையும். பிரேக் பிடிக்கறப்ப இடுப்பைப் பின்னால தள்ளி, தொடையால சீட்டை இறுக்கிக்கோங்க. காலி மைதானத்துல இதை மட்டும் பழகுங்க. கை பழகறதுக்கு முந்தி இடுப்பு பழகோணும்.

---

வன்னியன்பு (டோர்ட்முண்ட்)

அண்ணை சொன்னதோட நானும் ஒண்டு சொல்லுறன். இஞ்ச ஜெர்மனியில பின்னுக்கு மிதிச்சா பிரேக் பிடிக்கிற சைக்கிள் சாதாரணமா ஓடுது, ரூக்ட்ரிட் எண்டு சொல்லுவினம். எங்கட தெருவில பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்த ஐயா ஒருத்தர் அதிலதான் திரியிறார். பின் பிரேக் காலில, முன் பிரேக் கையில. கைக்கு ஒரே ஒரு லிவர், ஒரு கேபிள். இஞ்சத்தை சட்டமும் சைக்கிளுக்கு ஒண்டில ஒண்டு தங்கி நிக்காத ரெண்டு பிரேக் இருக்கவேணும் எண்டுதான் சொல்லுது.

கியரும் வேணுமெண்டால் சக்கரத்தின்ர நடு ஹப்புக்குள்ளேயே கியர் இருக்கிற ஷிமானோ நெக்ஸஸ், 3 கியரிலயும் 7 கியரிலயும் ரூக்ட்ரிட்டோட வருது. நிண்டபடியே கியர் மாத்தலாம், சிக்னலில நல்ல வசதி. ஆனா ரெண்டு விசயம். சங்கிலி கழண்டால் அந்த பிரேக்கும் போச்சு. மற்றது, நிண்ட பிறகு பெடலைப் பின்னுக்குச் சுத்தி வசதியான இடத்துக்குக் கொண்டுவரேலாது, பிரேக் பிடிச்சிடும். அதனால நிக்கேக்கையே கால் சரியான இடத்தில நிக்கிற மாதிரிப் பழகவேணும்.

உங்கட சைக்கிளில பின்னுக்கு 7 பல்சக்கரம், சங்கிலியை ஒண்டிலயிருந்து மற்றதுக்குத் தள்ளுற டிரெய்லியர் இருக்கிறதால இது சரிவராது தங்கச்சி. டிரெய்லியர் இருந்தால் பின்னுக்கு மிதிக்கேக்க சங்கிலி தொய்ஞ்சுபோகும். புது சைக்கிள் வாங்குற எண்ணம் வந்தால் யோசியுங்கோ.

---

அமராவதிக்கரை (கரூர்)

ரொம்ப நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். புதுசு வாங்கற நிலைமை இப்ப இல்லை. பட்டறைக்காரன் அண்ணன் சொன்ன ரெட்டைக் கேபிள் லிவரையே தேடறேன்.

கியருக்கு என்ன பண்றது? பிரேக்கும் ஷிஃப்டரும் சேர்ந்த பீஸைக் கழட்டினா ஷிஃப்டரும் போயிடுமே. வலதுபக்கத்து ஷிஃப்டர் தனியா வாங்கி இடதுல மாட்டினா கேபிள் வெளிப்பக்கமாப் பார்த்து நிக்காதா? திருகற மாதிரி கிரிப் ஷிஃப்டர் போடுங்கன்னு ஒருத்தர் சொன்னார்.

---

பட்டறைக்காரன் (கோவை, கணபதி)

சரியாத்தான் யோசிச்சிருக்கீங்க. வலது ஷிஃப்டரை அப்படியே இடதுபக்கம் தள்ளினா கேபிள் உங்க கையைப் பார்த்து வரும். தலைகீழாப் புரட்டி பாருக்கு மேல உக்கார வெச்சா உள்பக்கம் பார்க்கும். கீழ இருந்த கட்டைவிரல் லிவர் மேல வந்துரும், நம்பர் தலைகீழாத் தெரியும், மத்தபடி ஓடும். ஆல்டஸ் எம்315 மாதிரி தனி ஷிஃப்டர்ல இதைச் செய்யலாம்.

திருகற ரகம் வேண்டாம். ரெண்டு கை இருக்கறவங்களுக்கு அது சொகுசு. ஒரு கையில, திருகற அந்த நொடி பிடி தளரும், ஹேண்டில்பார் ஆடும், பிரேக் லிவர்ல விரலும் இருக்காது.

இதைவிடச் சுளுவா ஒண்ணு இருக்குது. கிளிக் சத்தம் இல்லாத பழைய ஃபிரிக்ஷன் தம்ப் ஷிஃப்டர், ஜோடியா வரும், சன்ரேஸ் பண்றான். அதுல இடதுபக்கத்தது முன் கியருக்குன்னு இருக்கும். அதுல பின் டிரெய்லியர் கேபிளைக் கட்டிருங்க. அது இடது கைக்குன்னே செஞ்சது, புரட்ட வேண்டியதில்லை, கட்டைவிரல் போற இடத்துல லிவர் நிக்கும். ஷிமானோ 7 கியருக்கு முழுசா ஏறக்குறைய 18 மி.மீ. கேபிள் இழுக்கோணும். கடையிலயே ஒரு கேபிளை மாட்டி, லிவரைக் கடைசிவரைக்கும் தள்ளி, ஸ்கேல் வெச்சுப் பார்த்துட்டு வாங்குங்க. தள்ளினா லேசான கியர், இழுத்தா கனமான கியர். கிளிக் இல்லாததால சங்கிலி சத்தத்தை வெச்சுத்தான் சரியா உக்காந்துச்சான்னு கண்டுபிடிக்கோணும். கரகரன்னா ஒரு மயிரிழை தள்ளுங்க, அடங்கிரும். எங்க காலத்துல எல்லா கியர் சைக்கிளும் இப்படித்தான் ஓடுச்சு. கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலும் இது கண்டுக்காது, கிளிக் ஷிஃப்டர்தான் அதுக்கெல்லாம் அழும்.

முன் கியரை மறந்துருங்க. நடுப் பல்சக்கரத்துல சங்கிலியை நிறுத்தி வெச்சாப் போதும். பல்லை எண்ணிப் பாருங்க. 34ஆ இருந்து பின்னால சின்னது 14ஆ இருந்தா, நிமிசத்துக்கு 80 சுத்து மிதிச்சா மணிக்கு 24 கிலோமீட்டர். பள்ளிக்கூடத்துக்குப் போக இதுக்கு மேல எதுக்குங்க? பாலம் ஏற பெரிய பல்லு 28 பத்தலைன்னா 34 வர்ற 7 கியர் ஃப்ரீவீல் (பின் பல்சக்கரத் தொகுதி) கிடைக்கும், ஆனா டிரெய்லியர் அதைத் தாங்குமான்னு பார்த்துட்டு மாத்துங்க.

முன் டிரெய்லியரைக் கழட்டிராதீங்க. அதோட கூண்டு நடுப் பல்சக்கரத்துக்கு மேலயே நின்னா சங்கிலி கழண்டு விழாமப் பாத்துக்கும். ஒரு துண்டு கியர் கேபிளை எடுத்து, அதோட தலையை ஃப்ரேம்ல இருக்கற கேபிள் முட்டுல மாட்டி, கூண்டை நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்கிருங்க. ரோட்டோரத்துல ஒத்தைக் கையில சங்கிலி மாட்டறது இருக்குதே, கையெல்லாம் கருப்பாயி, வேடிக்கை பார்க்க நாலு பேரு வேற.

மணியும் இடதுபக்கமே, கட்டைவிரலுக்கு எட்டற மாதிரி. வலதுபக்கம் கண்ணாடி ஒண்ணு மாட்டுங்க. வலதுபக்கம் திரும்ப உங்களால கை காட்ட முடியாது, ஓரமா நிறுத்தி இறங்கித் தள்ளிக்கிட்டே ரோட்டைத் தாண்டுங்க. நானும் அப்படித்தான், அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணுமில்லீங்க.

---

தோள்பட்டை (வேலூர்)

நான் பிசியோதெரபிஸ்ட். சைக்கிளைப் பத்தி அண்ணன் சொல்லிட்டார், நான் கையைப் பத்தி மட்டும் சொல்றேன்.

உங்க வலது கையை பாரோட சேர்த்துக் கட்டாதீங்க. வெல்க்ரோ பட்டை போட்டுக் கட்டினா ஓட்ட வசதியாத்தான் இருக்கும். ஆனா விழும்போது கை வண்டியோட போகும், ஏற்கெனவே நூல்ல தொங்கற நரம்பு மறுபடி இழுபடும். மேல திறந்த ஒரு தொட்டி மாதிரித் தாங்கி போதும், தூக்கினா கை தானா வெளிய வரணும்.

தோள் தசை பலமில்லாதப்ப கையோட எடையே தோள் மூட்டைக் கீழ இழுக்கும். மேடு பள்ளத்துல இது கூடும். முழங்கையில இருந்து எடை தாங்கற மாதிரி தாங்கி அமையணும், இல்லைன்னா ஸ்லிங் போட்டு உடம்போட சேர்த்துட்டு இடது கையாலயே ஓட்டுங்க. எது சரின்னு உங்களுக்கு ஆபரேஷன் செஞ்ச டாக்டரைக் கேட்காம முடிவு பண்ணாதீங்க.

உணர்ச்சி இல்லாத கைங்கறதால வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கை, முழங்கை ரெண்டையும் கண்ணால பாருங்க. கொப்புளம் வந்தாலும், வெயில்ல காய்ஞ்ச இரும்பு சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது. கறுப்பு ரப்பர் பிடி மதிய வெயில்ல எப்படிக் கொதிக்கும்னு தெரியுமில்ல? மேல துணி சுத்தி வைங்க.

---

பட்டறைக்காரன் (கோவை, கணபதி)

டாக்டரம்மா சொன்னது சரி. என்னோடது நைலான் கட்டையில கடைஞ்ச கிண்ணம், மேல திறந்தது, உள்ள ரப்பர் ஷீட். அம்மிணி முழங்கை அளவு குடுத்தாங்கன்னா ஒண்ணு கடைஞ்சு அனுப்பறேன். காசு வேண்டாம், பார்சல் செலவு மட்டும்.

---

அமராவதிக்கரை (கரூர்)

அண்ணா, அளவு தனிச் செய்தியில அனுப்பியிருக்கேன். டாக்டர்கிட்டயும் கேட்டுட்டேன், ஆறு வாரம் கழிச்சு ஆரம்பிக்கலாம், அதுவரைக்கும் தாங்கி வெச்சு நின்ன வண்டியில உக்காந்து மட்டும் பழகுங்கன்னார்.

லிவர் கிடைச்சிடுச்சு. மூணு சக்கர சைக்கிள் சாமான் விக்கிற கடையில, வி-பிரேக் ரகம். பழையதோட வெச்சு அளந்து பார்த்துத்தான் வாங்கினேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். லிவர் பக்கத்துல சின்னதா ஒரு பட்டன் இருக்கு. லிவரை அழுத்திட்டு அதைத் தள்ளினா அப்படியே நின்னுக்குது. இது எதுக்கு?

---

பட்டறைக்காரன் (கோவை, கணபதி)

அது நிறுத்தி வைக்கறப்ப போடற பூட்டு. மூணு சக்கர வண்டி ஸ்டாண்டு இல்லாம நிக்கும், உருண்டு போகாம இருக்கறதுக்கு. ஏறி உக்கார்ற வரைக்கும் உங்களுக்கும் அது நல்ல உதவி, ஒத்தைக் கையில வண்டியை ஆடாம நிறுத்தி ஏற இதைவிடச் சுளுவான வழி இல்லை. ஆனா ஓட்டறப்ப கட்டைவிரல் பட்டு விழுந்துச்சுன்னா ரெண்டு சக்கரமும் பிடிச்சபடியே நின்னுரும். உங்க கட்டைவிரல் கியருக்கும் மணிக்கும் அந்தப் பக்கமாத்தான் போகும். லிவரை உள்பக்கமா ஒரு விரலளவு தள்ளி மாட்டிப் பாருங்க. அப்பவும் பட்டன் கையில படுதுன்னா, அதுக்குள்ள இருக்கற ஸ்பிரிங்கையும் ஆணியையும் உருவி எடுத்துட்டு, ஏறி இறங்க சுவத்தோரமா நிறுத்திப் பழகிக்கோங்க.